உங்களுக்குத் தெரியுமா? கள்ளிக்குப்பத்து கியர் ரகசியங்கள்!

உங்கள் காரின் இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை!

ஒரு முழு வட்டம் அடித்துப் பாருங்கள். வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட 9.4 மீட்டர் அதிகம் ஓடியிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது!

வட்டம் பெரிதானால் வித்தியாசமும் பெரிதாகுமே என்கிறீர்களா? அதுதான் இல்லை! சென்னை அம்பத்தூரின் கள்ளிக்குப்பத்தில் ஒரு காலி மனைக்குள் சுற்றினாலும் 9.4 மீட்டர். புழல் ஏரியையே ஒரு சுற்று சுற்றி வந்தாலும் அதே 9.4 மீட்டர்!

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கி.மீ. காரில் சுற்றினால்? அங்கேயும் 9.4 மீட்டர்தான்! மலை வலது கைப்பக்கம் இருப்பதால் இடது சக்கரங்களுக்குத்தான் புண்ணியம் கொஞ்சம் அதிகம்!

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவு அரை வட்டம் என்று வைத்தால் 4.7 மீட்டர் வித்தியாசம். 70 வளைவுக்கும் கூட்டினால் 330 மீட்டர்! ஒரு முறை மலையேறுவதற்கு மட்டும்!

இத்தனை கணக்கையும் சத்தமில்லாமல் சமாளிப்பது யார்? ஜீப்புக்கும் லாரிக்கும் பின் ஆக்சில் நடுவே தொப்பை மாதிரி ஓர் உருண்டை தொங்குமே, அதற்குள் இருக்கும் டிஃபரன்ஷியல்தான்!

அதற்குள் இரண்டு அல்லது நான்கு குட்டி கியர்கள். 'ஸ்டார் பினியன்' என்பார்கள் மெக்கானிக்குகள். நேர் ரோட்டில் போனால் அவை தம் அச்சில் ஏறக்குறைய சுற்றுவதே இல்லை! வளைவு வந்தால்தான் வேலை. சம்பளம் மட்டும் முழு மாதத்துக்கு என்றார் பக்கத்து வீட்டுக்காரர்!

காரைவிட டிஃபரன்ஷியல் மூத்தது! ஒனேசிஃபோர் பெக்கேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1827-லேயே இதைச் செய்துவிட்டார். கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டது 1886 ஜனவரி 29-ம் தேதி. 59 வருடம் கழித்து! அந்த மூன்று சக்கர வண்டியிலும் டிஃபரன்ஷியல் இருந்தது!

அப்பாவும் பிள்ளையும் சைக்கிள் மிதித்ததில் இன்னொரு முறை பிறந்தது இது! இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லியும் அவர் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு சக்கரத்தை மிதித்தார்களாம். பையன் பலசாலி. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் புதருக்குள்! அந்த எரிச்சலில் 1877-ல் ஸ்டார்லி மூன்று சக்கர சைக்கிளுக்கு டிஃபரன்ஷியல் போட்டார். அந்த சைக்கிளை விக்டோரியா மகாராணியே வாங்கினார்!

நம் ஊர் பழைய சைக்கிள் ரிக்‌ஷாக்களில் பலவற்றுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. பின்னால் இரண்டு சக்கரம், ஆனால் மிதிப்பது ஒன்றுக்கு மட்டும்தான் போய்ச் சேரும்! இன்னொன்று சும்மா கூட வரும்!

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு ஓடும் ஷேர் ஆட்டோவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதற்குள்ளும் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு!

அதன் பக்கத்திலேயே ஓடுகிற ரயிலுக்கு? கிடையாது! ஒன்றுகூடக் கிடையாது!

ரயிலில் இரண்டு சக்கரமும் ஒரே இரும்பு அச்சில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. அப்புறம் வளைவில் எப்படித் திரும்புகிறது? சக்கரத்தின் விளிம்பு தட்டையாக இல்லை, கூம்பு! 20-க்கு 1 என்ற சரிவு. வளைவில் வண்டி வெளிப்பக்கம் லேசாக நகரும். வெளிச் சக்கரத்தின் பருத்த பகுதி தண்டவாளத்தில் படும். தூரம் தானாகச் சரியாகிவிடும்! வில்லிவாக்கத்தை ஒட்டி, 1955 அக்டோபர் 2-ம் தேதி நேரு திறந்து வைத்த ஐசிஎஃப்பில் உருவாகும் ரயில் பெட்டிகள் எல்லாம் இந்தத் தந்திரத்தில்தான் ஓடுகின்றன. கியர் இல்லை, எண்ணெய் இல்லை, வெறும் சாய்வு!

திருவாரூர் ஆழித்தேருக்கும் டிஃபரன்ஷியல் இல்லை. 96 அடி உயரம்! அதைத் திருப்புவது முட்டுக்கட்டை. உலகத்திலேயே மரத்தில் செய்த பிரேக்கும் ஸ்டீயரிங்கும் ஒன்றாக இருப்பது தேரில்தான் என்று நான் பந்தயம் கட்டுவேன்!

இப்போது ஆவடிக்கு வாருங்கள். 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-ல் இங்கிருந்துதான் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்தது!

அதே ஆவடியில் உருவான டி-72 டாங்கிக்கு ஒன்றல்ல, இரண்டு கியர் பாக்ஸ்! இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் முன்னே போக 7 கியர், பின்னே வர 1. இடது பக்கம் திரும்ப வேண்டுமா? இடது கியர் பாக்ஸை மட்டும் ஒரு கியர் குறைத்தால் போதும். 40 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி அப்படியே திரும்பும்!

அர்ஜுன் டாங்கிக்கு 1,400 குதிரைத்திறன். கியர்கள்? முன்னே 4, பின்னே 2. உங்கள் வீட்டு காரில் முன்னே போக அதைவிட அதிகம் இருக்கும்!

சரி, டிஃபரன்ஷியலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சோம்பேறிக்குத்தான் சலுகை! ஒரு சக்கரம் சேற்றில், இன்னொன்று கெட்டித் தரையில் என்றால், சேற்றில் இருப்பது எவ்வளவு குறைந்த விசையில் சுழலுமோ, கெட்டித் தரையில் இருப்பதற்கும் அவ்வளவே கிடைக்கும்!

அந்த நேரம் கியர் பாக்ஸிலிருந்து ஓடும் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். 30 காட்டுகிறதா? ஒரு சக்கரம் நிற்கிறது, சேற்றுச் சக்கரம் 60-ல் சுற்றுகிறது! இரண்டின் சராசரியைத்தான் முள் காட்டும். ஐப்பசி மழையில் செங்குன்றம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண் தெருவில் நானே இதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கார் ஓர் அங்குலம் நகரவில்லை. முள் மட்டும் ஜோராக ஏறியது!

அனுபவஸ்தர்கள் ஒரு வித்தை சொல்வார்கள். பின் சக்கரத்தில் ஓடும் வண்டி சேற்றில் சிக்கினால் ஹேண்ட் பிரேக்கை லேசாக, மிக லேசாக இழுங்கள். சுற்றும் சக்கரம் தயங்கும். இழுவை அடுத்த சக்கரத்துக்குத் தாவும்! இன்று 'பிரேக் எல்எஸ்டி' என்று மாருதி ஜிம்னியில் கம்ப்யூட்டர் செய்வதும் கிட்டத்தட்ட இதையேதான்!

எல்எஸ்டி என்றதும் திடுக்கிடாதீர்கள். போலீஸ் பிடிக்காத எல்எஸ்டி இது. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். சறுக்கலுக்கு ஒரு கடிவாளம்!

அது பிறந்த கதையைக் கேளுங்கள். ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் கார். 16 சிலிண்டர்! 160 கி.மீ. வேகத்தில்கூட ஒரு பின் சக்கரம் வெறுமனே வழுக்கிச் சுற்றியதாம். 1935-ல் போர்ஷே ஒரு ஜெர்மன் கம்பெனியைக் கூப்பிட்டு, இதற்கு ஒரு வழி பண்ணுங்கள் என்றார். பண்ணினார்கள்!

அந்தக் கம்பெனியின் பெயர் இசட்எஃப். ஜெர்மன் மொழியில் 'பல்சக்கரத் தொழிற்சாலை' என்பதன் சுருக்கம்! ஆரம்பித்தது 1915-ல். செப்பலின் ஆகாயக் கப்பலுக்குக் கியர் செய்யத்தான் பிறந்தார்கள்!

இனிதான் சரவெடி! அதே இசட்எஃப் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? கள்ளிக்குப்பத்திலிருந்து ரயில்வே லைனைத் தாண்டினால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1964-ல் வந்த பேட்டை. அங்கே லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏர் பிரேக் செய்த வாப்கோவை நினைவிருக்கிறதா? வாப்கோவை உலக அளவில் 2020-ல் வாங்கியது இசட்எஃப்! போர்ஷேவின் பிரச்சினையைத் தீர்த்த கம்பெனியின் பெயர்ப் பலகை இன்று நம் ஊர் எஸ்டேட்டில். அங்கே செய்வது பிரேக்தான், எல்எஸ்டி அல்ல. இருந்தாலும் பெருமை பெருமைதானே!

அமெரிக்காவில் சாதாரணக் காருக்கு எல்எஸ்டி வந்தது 1956-ல். ஸ்டூடிபேக்கர் - பேக்கார்டு கம்பெனி முந்திக்கொண்டது. அடுத்த வருடமே செவர்லே 'பாசிட்ராக்‌ஷன்' என்று பெயர் சூட்டி இறக்கியது!

அந்த பாசிட்ராக்‌ஷன் ஒரு ஆஸ்கர் விருதுக்கே காரணம்! 1992-ல் வந்த 'மை கசின் வின்னி' படம். கோர்ட் சீன். ரோட்டில் விழுந்திருக்கும் இரண்டு டயர் தடத்தைப் பார்த்துவிட்டு, அந்த வண்டியில் எல்எஸ்டி இருந்தது, குற்றம் சாட்டப்பட்ட பையன்களின் காரில் அது கிடையாது என்று நிரூபிப்பார் கதாநாயகி. பையன்கள் விடுதலை! நடித்த மரிசா டோமேக்கு ஆஸ்கர்!

நீங்களும் துப்பறியலாம். பின் சக்கரத்தில் ஓடும் கார் உறுமிக்கொண்டு கிளம்பிய இடத்தைப் பாருங்கள். ஒரு கறுப்புக் கோடு என்றால் சாதா டிஃபரன்ஷியல். இரண்டு கோடு என்றால் எல்எஸ்டி!

பெரம்பூரைத் தாண்டி செம்பியம். அங்கே டிராக்டர் கம்பெனி டாஃபே. 1960-ல் தொடங்கியது. அங்கிருந்து வெளிவந்த மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டரில் 'ஃபெர்குசன்' என்ற பெயர் இருக்கிறதே, அந்த ஹாரி ஃபெர்குசனின் கம்பெனி ஒரு ஃபார்முலா ஒன் காரும் செய்திருக்கிறது! நான்கு சக்கர இழுவை! 1961-ல் இங்கிலாந்தின் ஓல்டன் பார்க்கில் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டி ஜெயித்தார். நான்கு சக்கரத்தாலும் ஓடி ஃபார்முலா ஒன் பந்தயம் வென்ற ஒரே கார் அதுதான். உலகச் சாம்பியன்ஷிப் கணக்கில் வராத பந்தயம் என்று யாராவது முணுமுணுத்தால் கண்டுகொள்ளாதீர்கள்!

அதே ஃபெர்குசன் தொழில்நுட்பத்தில் 1966-ல் ஜென்சன் எஃப்எஃப் என்ற சொகுசு கார் வந்தது. 4 சக்கர இழுவை மட்டுமல்ல, பூட்டிக்கொள்ளாத பிரேக்கும் அதில் உண்டு. விமானத்திலிருந்து கொண்டுவந்த அந்த பிரேக்கைச் செய்தது யார்? டன்லப்! தங்கள் ஊரிலேயே டன்லப் ஆலையைப் பார்த்த அம்பத்தூர்க்காரர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டுமா என்ன!

டிராக்டர் ஓட்டும் விவசாயிக்கு இதெல்லாம் பழைய செய்தி. சேற்று வயலில் இறங்கினால் 'டிஃப் லாக்' பெடலை மிதிப்பார். இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். காரில் இப்படி ஒரு பட்டன் இருந்தால் நாம் ஊரையே கூட்டிக் காட்டுவோம்!

மஹிந்திரா தாரின் சில மாடல்களில் பட்டன்கூடத் தேவையில்லை. பின் சக்கரம் இரண்டுக்கும் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால் தானே பூட்டிக்கொள்ளும்! உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது. சின்னக் குண்டுகள் விசையில் விரிந்து கொக்கி மாட்டுகின்றன. அவ்வளவுதான்! அந்தத் தார் உருவானதும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மஹிந்திரா சிட்டி ஆராய்ச்சி மையத்தில்தான்!

பொலேரோ நியோவின் ஒரு மாடலில் இன்னும் வேடிக்கை. இழுப்பது பின் இரண்டு சக்கரம் மட்டுமே. ஆனாலும் அதே பூட்டு உண்டு!

அதே மஹிந்திரா சிட்டியில் பிஎம்டபிள்யூ ஆலை. அங்கே 2021-ல் எம்340ஐ காரைக் கோக்கத் தொடங்கினார்கள். பின் ஆக்சிலில் மின்னணு எல்எஸ்டி! நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கைகள் பூட்டியது!

பல்லுக்குப் பல், புழுவுக்குப் புழு! டோர்சன் என்ற எல்எஸ்டியில் கிளட்ச் தகடே இல்லை. 'வார்ம்' (புழு) எனப்படும் சுருள் கியர்கள் ஒன்றை ஒன்று நெருக்கியே வேலையை முடிக்கின்றன. வெர்னான் கிளீஸ்மன் 1958-ல் காப்புரிமை வாங்கினார். அதைப் பிறகு வாங்கிய கம்பெனி? அமெரிக்காவின் ரோசெஸ்டர்க்காரர்கள். பெயர் கிளீசன்! உறவுக்காரர்களா என்று நானும் ஒரு நிமிடம் ஏமாந்தேன்!

நெதர்லாந்தின் டாஃப் கார், 1958. மாற்றுவதற்குக் கியரே கிடையாது, இரண்டு ரப்பர் பெல்ட்! முன்னே எவ்வளவு வேகம் போகுமோ, ரிவர்ஸிலும் அவ்வளவு வேகம் போகும். விடுவார்களா? ரிவர்ஸ் ரேஸே நடத்திவிட்டார்கள்! சக்கரத்துக்கு ஒரு பெல்ட் என்பதால் எல்எஸ்டியின் பலனும் இலவசமாகக் கிடைத்தது. உங்கள் வீட்டு ஸ்கூட்டரில் ஓடும் பெல்ட் அந்த வம்சம்தான்!

ரிவர்ஸ் போட்டதும் 'ங்ஙீஈ' என்று ஒரு ராகம் வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? மற்ற கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. பெரும்பாலான கார்களில் ரிவர்ஸுக்கு மட்டும் நேர் பல்! ரேஸ் காரில் பெரும்பாலும் எல்லாக் கியருமே நேர் பல். அதனால்தான் அந்த அலறல்!

இனி கள்ளிக்குப்பத்து ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குள் நுழைவோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூலையில் எஃப்எம் ரேடியோ. பெஞ்ச் மேல் ஒரு ஜீப்பின் பின் ஹவுசிங் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கிறது. உள்ளே சாதா டிஃபரன்ஷியல் போய் எல்எஸ்டி வரப்போகிறது. கூடவே கியர் விகிதமும் மாறப்போகிறது!

முதலில் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். அழுகின முட்டை நாற்றம்! கியர் ஆயிலில் கலந்த கந்தகத்தின் கைங்கர்யம் அது. அந்தக் கந்தகம் இல்லாவிட்டால் பற்கள் ஒன்றை ஒன்று தின்றுவிடும்!

பெரிய வட்ட கியர் கிரவுன் வீல், அதைச் சுற்ற வைக்கும் குட்டி கியர் டெயில் பினியன். இவை இரண்டும் கல்யாணமான ஜோடி! தொழிற்சாலையிலேயே ஒன்றோடு ஒன்று உரசவிட்டுப் பழக்கி, இரண்டின் மேலும் ஒரே நம்பரைப் பொறித்து அனுப்புகிறார்கள். ஒன்று போனால் இன்னொன்றையும் மாற்றியாக வேண்டும்!

எண்ணிப் பார்த்தேன். கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல். ஏன் 40 இல்லை? 40 என்றால் பினியன் 4 சுற்று சுற்றுவதற்குள் அதே இரண்டு பற்கள் மறுபடி மோதும். 41 என்றால் 41 சுற்று கழித்துத்தான்! ஒரே ஒரு பல் கூட்டியதற்கு தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பங்கு! இதைக் கேட்டு மெக்கானிக் சிரித்தார். "அட, இவ்ளோ நாளா எண்ணிட்டுதான் சார் இருக்கேன், ஏன்னு கேட்டதில்ல!"

அடுத்தது நீல மை. பிரஷ்யன் ப்ளூ! நான்கைந்து பல்லில் விரலால் தடவி, கிரவுனைக் கையால் சுற்றுகிறார். பல் படுகிற இடத்தில் மை அழிகிறது. அந்தத் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்ததா? மொத்தத்தையும் கழற்றி, ஒரு மெல்லிய 'ஷிம்' தகடு கூட்டு, மறுபடி மை! நான் நின்ற நேரத்தில் மூன்று முறை கழற்றினார். நீல மை அவர் கட்டைவிரல் ரேகையில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்த ஓவிய வர்ணம் அது!

இரண்டு பல்லுக்கும் நடுவே விட வேண்டிய 'ப்ளே' எவ்வளவு? பல வண்டிகளில் 0.15 மி.மீ. அளவுக்குத்தான். ஏறக்குறைய இரண்டு தலைமுடி! கூடினால் கடகட, குறைந்தால் ஊளை!

எல்எஸ்டியில் ஒன் வே உண்டு, டூ வே உண்டு. 'ஒன்றரை வே'யும் உண்டு! ஒன் வே, ஆக்சிலரேட்டர் மிதித்தால் மட்டும் பிடிக்கும். டூ வே, காலை எடுத்தாலும் அதே பிடி. ஒன்றரை, எடுத்தால் அரைப் பிடி! நம் ஊர் கூட்டணி மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச் தகடு வைத்த புது எல்எஸ்டியைப் போட்டதும் நேராக ஹைவேயில் பறக்கக் கூடாது. காலி கிரவுண்டில் மெதுவாக 8 போட வேண்டும்! ஆமாம், லைசன்ஸ் வாங்கப் போட்ட அதே எட்டு! தகடுகள் பழகும். பிறகு ஆயிலை மாற்ற வேண்டும். அந்த ஆயிலுக்கும் தனி மருந்து சேர்க்கிறார்கள். சேர்க்காவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் இருந்து யாரோ தட்டிக் கூப்பிடுவது போல ஒரு சத்தம்!

அந்தத் தொப்பைக்குள் ஊற்றும் ஜிஎல்-5 ஆயிலைக் கைவாக்கில் கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். பழைய கியர் பாக்ஸ்களில் பித்தளை வளையம் இருக்கும். அந்தப் பித்தளையை அரித்துத் தின்றுவிடக்கூடும்! கம்பெனி சொன்ன ஆயில்தான் சாமி.

சிக்கனக்காரர்கள் சிலர் ஸ்டார் பினியனை அப்படியே வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். எல்எஸ்டி செலவு மிச்சம்! ஆனால் பார்க்கிங்கில் திருப்பும்போது டயர் கதறும் பாருங்கள், தெருவே எட்டிப் பார்க்கும்! என் தீர்ப்பு: ரோட்டு வண்டிக்கு வேண்டவே வேண்டாம்.

கிரவுன்-பினியனின் 4.1 விகிதத்தை எடுத்துவிட்டு 4.5 போட்டால் என்ன ஆகும்? டயர் சுற்றளவு 1.8 மீட்டர், டாப் கியர் 0.8 என்று கணக்குப் போட்டேன். 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் முன்பு 3,037 சுற்று. இப்போது 3,333! இழுவை கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடும். பெட்ரோல் பங்க்காரரின் புன்னகையும் கூடும்!

இன்னொரு வம்பு. கியர் பாக்ஸிலிருந்து கேபிளில் ஓடும் பழைய ஸ்பீடோமீட்டர் இந்த மாற்றத்தை அறியாது. 100-ல் போனால் 110 என்று அடித்துவிடும்! ஓடாத கிலோமீட்டரும் மீட்டரில் ஏறும். விற்கும்போது யாரிடம் போய்ச் சொல்வீர்கள்!

கியர் பாக்ஸ் விகிதத்தையும் பாருங்கள். முதல் கியர் 3.5, இரண்டாவது 2.0 என்று வையுங்கள். 6,000 சுற்றில் கியரை மாற்றினால் எஞ்சின் 3,429-க்குத் தொப்பென்று விழும். ரேஸ்காரர்கள் இரண்டாவதை 2.6 ஆக்கிவிடுவார்கள். இப்போது 4,457-ல் நிற்கும்! ஒரே எஞ்சின்தான், ஆனால் மூச்சே விடாது!

மேனுவல் ஜிம்னியை லோ ரேஞ்சில் போட்டு முதல் கியர் மாட்டினால், எஞ்சின் சுமார் 36 சுற்று சுற்றினால்தான் சக்கரம் 1 சுற்று சுற்றும்! ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டால் மணிக்கு 3 கி.மீ.கூட வராது. கிரிவலம் போகும் பாட்டி முந்திக்கொண்டு போய்விடுவார்!

நேர் எதிர் உதாரணம், அமெரிக்காவின் டாப் ஃப்யூயல் டிராக் கார். 11,000 குதிரைத்திறனுக்கு மேல்! கியர் எத்தனை? ஒன்றே ஒன்று! டிஃபரன்ஷியலும் இல்லை, இரண்டு சக்கரமும் ஒரே கட்டை. பின் ஆக்சில் விகிதம் 3.20 என்று சட்டமே போட்டுவிட்டார்கள்!

கோ-கார்ட் ஓட்டியிருக்கிறீர்களா? அதிலும் டிஃபரன்ஷியல் இல்லை! திருப்பத்தில் உள்பக்கப் பின் சக்கரம் தரையிலிருந்து எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் வண்டி திரும்பாது!

கள்ளிக்குப்பத்திலிருந்து செங்குன்றம் சாலையைப் பிடித்து வடக்கே போங்கள். சோழவரம்! உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். பல பத்தாண்டுகள் இந்தியாவின் கார் பந்தயத் தலைநகரமே அதுதான்! 1980-களில் விஜய் மல்லையா நிஜ ஃபார்முலா ஒன் காரை, என்சைன் காரை, அங்கேதான் ஓட்டினார். நீண்ட நேர் ஓடுதளம் என்பதால் டாப் கியரைத் தேர்ந்தெடுப்பதில்தான் வெற்றி தோல்வி!

பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம் வந்தது. ஒரு சுற்று 3.717 கி.மீ. 20 சுற்று ஓடினால் வெளிச் சக்கரம் கூடுதலாக ஓடுவது? நம் 9.4-ஐ 20-ஆல் பெருக்குங்கள். 188 மீட்டர்!

மாருதி 800-ன் எஞ்சினை வைத்தே ஃபார்முலா கார் செய்தார் கோவை கரிவர்தன். ஃபார்முலா மாருதி! நரேன் கார்த்திகேயன் பந்தயத்தைத் தொடங்கியது அதில்தான். அதே நரேன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில். அமெரிக்க கிராண்ட் பிரியில் நான்காம் இடம்! ஓடியது மொத்தம் 6 கார் என்பதை நான் ஏன் சொல்ல வேண்டும்!

இன்றைய ஃபார்முலா ஒன்னில் 8 கியர். ஒவ்வொரு கியரின் விகிதத்தையும் சீசன் ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மொனாக்கோ சந்துக்கும் மான்சா நேர் ரோட்டுக்கும் அதே 8! இந்தச் சட்டத்துக்கு முன்பு? ஊருக்கு ஊர் கியர் மாற்றினார்கள்!

1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய எம்ஆர்எஃப். அதன் அணிக்காக கவுரவ் கில் ஆசிய-பசிபிக் ராலி பட்டத்தை 2013, 2016, 2017 என மூன்று முறை வென்றார்! 2016-லும் 2017-லும் அவர் ஓட்டிய ஸ்கோடா ஃபேபியா ஆர்5 காரில் முன்னுக்கு ஒரு எல்எஸ்டி, பின்னுக்கு ஒரு எல்எஸ்டி. நடுவில்? எதுவும் இல்லை! முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் நேரடியாகப் பிணைப்பு. மண் ரோட்டில் சறுக்கல் தானே பார்த்துக்கொள்ளும்!

உங்கள் ஜீப்பில் எல்எஸ்டி இருக்கிறதா என்று இன்றே சோதிக்கலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பின் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சின் ஆஃப், கியரில் போடுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுபக்கச் சக்கரம் எதிர்த் திசையில் சுலபமாகச் சுற்றினால் சாதா. அசையவே மறுத்தால் உள்ளே கிளட்ச் எல்எஸ்டி உட்கார்ந்திருக்கிறது!

அப்படி இருந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஒரே ஒரு பின் சக்கரத்தை ஜாக்கில் தூக்கிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து கியர் போட்டுவிடாதீர்கள். தரையில் இருக்கும் சக்கரம் ஜீப்பை ஜாக்கிலிருந்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிடும்!